பைப்பு இல்லாத குழாய்

"பைப்பே இல்லாத குழாயில காலையிலேருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தண்ணி வரவழைச்சவ நான்! எனக்கு ஓட்டுப் போடாம வேற யாருக்குப் போடப் போறீங்க?"

கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் நின்று தையல்காரி முழங்கியதும், கைத்தட்டல் கூரையைப் பிய்த்திருக்கும். தெருவாக இருந்ததால் வானம் தப்பித்தது.

இன்னும் நான்கு நாளில் வார்டு தேர்தல். அவளை எதிர்த்து நிற்பவர் காண்ட்ராக்டர். அந்த வார்டில் அவர் போடாத ரோடு இல்லை. போட்டதில் மிஞ்சிய ரோடும் இல்லை.

"யம்மா, கொஞ்சம் நிறுத்து!" கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு குரல். தொப்பி போட்ட ஒருவர். காண்ட்ராக்டரின் ஆட்கள் அவளை மடக்குவதற்கென்றே கூட்டி வந்த ஆள். "பைப்பு இல்லாம தண்ணி வர்றதுக்கு நீ என்ன மந்திரவாதியா?"

"தையல்காரிண்ணே. எங்க ஒட்டுப் போட்டிருக்குன்னு பாத்ததும் தெரிஞ்சுடும்."

"புளுகாதே. காண்ட்ராக்டர் பைப்பு போட்டாரு. நீங்க புழங்கத் தெரியாம ஒடைச்சுட்டீங்க."

"போட்டாரா? ரோட்டுல ஒரு பிடி மண்ணைத் தோண்டலையே! ஆகாசத்துல போட்டாரு போல!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

"சரி, நடந்ததைச் சொல்லு. பொய்னா நானே இந்த மைக்கைப் பிடுங்கிடுவேன்" என்றார் தொப்பிக்காரர்.

"போன வருஷம் மந்திரி வந்தாரு, குழாயைத் திறக்க. காண்ட்ராக்டர் குடோன் சுவத்துல பளபளன்னு ஒரு குழாய். அவரு திருகினதுதான் தாமதம், கொட்டுச்சு பாருங்க, அருவியெல்லாம் பிச்சை வாங்கணும்! எங்களுக்கே தலை சுத்திடுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கலாம்னா, குடோன் கேட்டு மேகத்தைத் தொடுது."

"பேச்சை வளக்காதம்மா."

"மந்திரி குழாயை மூடப் போனாரு. மூடினா ஜென்மத்துக்கும் இனிமே வராதுன்னு எனக்குப் பட்டுச்சு. மைக்கை வாங்கினேன். 'எங்க தெருவுல கடைசிக் குடம் நிறையுற வரைக்கும் ஐயாவோட தங்கக் கையாலதான் தண்ணி பிடிப்போம்'னு சொல்லிட்டேன். அத்தனை கேமராவும் அவரு மூஞ்சிக்கு நேரா! பாவம், என்ன பண்ணுவாரு?"

"கடைசிக் குடம் எப்ப வந்துச்சு?" தொப்பிக்காரர் தம்மை மறந்து இரண்டடி முன்னால் வந்திருந்தார்.

"எங்கே வரும்? முன்னாடி பிடிச்சவ வீட்டுல கொட்டிட்டு ஓடிவந்து பின்னாடி நிப்பா. வரிசைக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. குடம் போச்சு, அண்டா போச்சு, குழந்தை குளிக்கிற தொட்டி போச்சு. இதோ நிக்கிறாளே முட்டைக்காரி, இவ மாமியாரோட பல் செட்டு போடுற டம்ளரைக்கூட விடலை!"

"அக்கா, அதையெல்லாம் மைக்குல சொல்லணுமா?" என்று முட்டைக்காரி முகத்தை மூடிக்கொண்டாள்.

"மந்திரி சிரிச்ச வாய் அப்படியே நின்னுடுச்சு. வீட்டுக்குப் போய்த்தான் மூடியிருப்பாரு. சாயங்காலம் கார்ல ஏறி ஓடினவரு, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை."

"அதோட தண்ணியும் நின்னிருக்குமே!"

"அங்கதாண்ணே எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கலை." தையல்காரியின் குரல் தணிந்தது. "நின்னுச்சு. சொட்டு சொட்டா நின்னே போச்சு. எல்லாரும் கலைய ஆரம்பிச்சோம். அப்பதான் கோடி வீட்டுப் பொண்ணு வந்தா. பிள்ளை பெத்து ரெண்டு நாள்கூட ஆகலை. புருஷன் ஊர்ல இல்லை. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, 'எனக்கு மட்டும் ஒரு குடம் இல்லையா? துணி அலசக்கூடத் தண்ணி இல்லையே'ன்னு அழுதா. நான் பிடிச்சு வச்ச குடத்தை எடுத்துட்டு வந்து அவளுக்குக் குடுக்கலாம்னு வீட்டுப் பக்கம் ஓடினேன். திரும்பி வர்றதுக்குள்ள குழாய் கொட்டுது! விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் கொட்டுச்சு. மறுநாள் காத்துகூட வரலை."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த காண்ட்ராக்டர் ஆள் அவர் விலாவில் இடித்தான். "பொய்னு சொல்லுய்யா!"

"மந்திரி போனப்புறம் யாருக்காக விட்டாங்க, எதுக்காக விட்டாங்க, எனக்குத் தெரியாது" என்றாள் தையல்காரி. "நான் ஜெயிச்சா ரோட்டைத் தோண்டி நிஜப் பைப்பு போடுவேன். இது மட்டும் சத்தியம். அண்ணே, இப்ப சொல்லுங்க. நான் சொன்னது நடந்ததா, புளுகா?"

தொப்பிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரம்மருகே வந்தார். மைக்கைப் பிடுங்கவில்லை, கை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நடந்ததுதான். காலையிலேருந்து சுவத்துக்கு அந்தப் பக்கம் லோடு லோடா லாரித் தண்ணி கொண்டுவந்து, அந்தக் குழாய்ல ஹோஸ் மாட்டி விட்டது நான்தான். மந்திரி போனதும் காண்ட்ராக்டர் போதும்னாரு, நிறுத்திட்டேன். அப்புறம் அந்தப் பொண்ணு அழுத சத்தம் கேட்டுச்சு... லாரியில மிஞ்சி நின்ன அந்தக் கடைசி லோடு மட்டும், யாரும் சொல்லாம நானா திறந்து விட்டது."