பத்து நிமிஷ வீடு

அனிட்டாவும் வெஸ்லினும் அடித்துக்கொண்டதை ஓசூர் சர்ச் ஹாலே வேடிக்கை பார்த்தது.

செகண்ட் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு வந்திருந்தவர்கள். ஃபாதர் அற்புதராஜ் இந்த வருஷம் பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டு டிவியில் ஒரு வீடியோ கேம் போட்டிருந்தார். ஜோடிக்கு ஒரு பாழடைந்த வீடு, ஆளுக்கொரு ரிமோட், பத்து நிமிஷம். சுவரை இடித்து, பெயின்ட் அடித்து, கட்டில் பீரோ போட்டு முடிக்க வேண்டும்.

அனிட்டா மஞ்சள் என்றால் வெஸ்லின் நீலத்தை ஊற்றினான். அவன் கதவைப் பெயர்த்தான். அதை யாரு பெயர்க்கச் சொன்னது என்று இவள் கத்தினாள். கடைசியில் சமையலறையே காணோம். கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த லட்சணமா என்று பின்வரிசையில் பெற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நியாயம்தான்.

அடுத்து ரூபியும் பென்சனும். பென்சன் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். டிவியில் அவனுடைய பொம்மை பம்பரமாய்ச் சுற்றியது. ரூபியின் பொம்மை வாசலோரமாகவே நின்றது. சத்தமில்லை, சண்டையில்லை. ஒன்பதாவது நிமிஷம் வீடு ரெடி.

ஃபாதர் உருகிவிட்டார்.

"ரூபி குறுக்க வராம எப்படி ஒதுங்கி நின்னா, பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் விட்டுக்கொடுக்கறது. அனிட்டா, கத்துக்கம்மா."

அனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். வெஸ்லின் அவள் காதில் ஏதோ சொல்லப்போக, அடுத்த சண்டை ஆரம்பித்தது.

வருகிற ஞாயிறு பூசையில் இரண்டு ஜோடிக்கும் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி. அப்புறம் பின்வாங்குவது லேசில்லை. ரூபி வீட்டில் உத்தனப்பள்ளியில் மண்டபமே பேசியாயிற்று.

எல்லோரும் டீ குடிக்கப் போனபின், ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்க ரூபி மட்டும் ஃபாதரிடம் வந்தாள். முகம் சுண்டியிருந்தது.

"இது வேலையே செய்யல ஃபாதர். ஆரம்பத்துல இருந்தே."

"அடடா, அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"அவர்கிட்ட சொன்னேன். மூணு தரம். 'நீ சும்மா நில்லு, நான் பாத்துக்கறேன்'னாரு. அதுக்கு மேல திரும்பிக்கூடப் பாக்கல."

ஃபாதர் சிரித்தார். "நல்லதுதானே. பொறுப்பான பையன்."

ரூபி சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை அனிட்டா ஓலையை மட்டும் வாசிங்க ஃபாதர்."