மிராசுதாரின் புகைக்குழாய்

“பொகை வெளிய போவறதுக்கு வழி போதலைங்க. அதான் வண்டிக்கு மூச்சு முட்டுது” என்றான் கொல்லன் கண்ணையன்.

பாகூர் மிராசுதார் நமசிவாயம், புதுச்சேரியில் ஒரு துரையிடம் வாங்கிய பந்தயக் காரை வீட்டுக் கொல்லையில் நிறுத்தியிருந்தார்.

“அதுக்கு இன்னா பண்ணலாம்?”

“சத்தத்த அடக்கற டப்பாவ எடுத்துட்டு, அகலமா ஒரு கொழாய் வச்சா பறக்கும்.”

இரண்டு நாளில் வேலை முடிந்தது. கண்ணையன் கூலியே வேண்டாமென்று சொல்லிவிட்டதில் மிராசுதாருக்குக் கண் கலங்கியது. வண்டியைக் கிளப்பியதும் தொழுவத்து மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

ஒரு வாரம் கழித்து, வில்லியனூர் ஜவுளிக்கடை ஹாஜா மைதீனிடம் அவர் பெருமையடித்தார்.

“முன்னெல்லாம் கரிக்கலாம்பாக்கத்து வயலுக்குப் போனா, பாதிப் பேரு மரத்தடியில படுத்துக் கெடப்பாங்க பாய். இப்ப எப்பப் போனாலும் குனிஞ்ச தல நிமிராம களையெடுக்கிறாங்க. எல்லாம் வேகந்தான். அவங்க சுதாரிக்கறதுக்குள்ள போயி நிக்கறேன். வந்து பாருங்க.”

காதைப் பொத்திக்கொண்டு பாயும் ஏறி உட்கார்ந்தார்.

கரிக்கலாம்பாக்கத்துப் புளியமரத்தடியில் பெண்கள் காலை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் இடி இடிப்பதுபோல் கேட்டது. ஒருத்தி பதறி எழுந்தாள்.

“ஒக்காருடி” என்றாள் வள்ளியம்மாள். “இப்பதான் ஏரிக்கரை ஏறியிருக்காரு. வந்து சேர இன்னும் அஞ்சு நிமிசம் ஆவும். பின்ன, எங்க வூட்டுக்காரரு இன்னாத்துக்குக் கூலி வாங்காம கொழாய் மாட்டிக் குடுத்தாராம்?”