நாற்காலிக்கு அடியில் கறுப்புக் கல்

"கொஞ்சம் காலைத் தூக்குங்க மாமா."

மாப்பிள்ளை குனிந்து நின்றார். கையில் ஒரு கறுப்புக் கல். எண்ணெய் தடவிய மாதிரி வழவழவென்று மின்னியது.

ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அப்பா. முணுமுணுத்துக்கொண்டே இரண்டு காலையும் தூக்கினார். கல் நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கெட்ட எண்ணங்களை அது விழுங்கிவிடுமாம்.

லீவில் வந்திருந்த மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா இறந்த பிறகு அப்பா இந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கையும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் இவன் வெளியூரில் நிம்மதியாக இருந்தான். பார்த்துக்கொண்ட லட்சணம் இது!

வீட்டில் எங்கே கை வைத்தாலும் கல். ஃபிரிட்ஜ் மேல் பச்சைக் கல், பசியைத் தூண்டுமாம். தலையணைக்குக் கீழே ஊதாக் கல், துக்கத்தை உறிஞ்சுமாம். குளியலறை ஜன்னலில் இருக்கும் மஞ்சள் கல் என்ன செய்யும் என்று கேட்க அவனுக்குத் தெம்பில்லை. சோப்பு என்று நினைத்து அதை எடுத்து முதுகில் தேய்த்ததுதான் மிச்சம்.

இது போதாதென்று தினமும் காலையில் மாப்பிள்ளை வந்து எல்லாக் கல்லையும் உப்புத் தண்ணீரில் கழுவுவார். வெயிலில் காயவைத்து, திசை மாற்றி வைப்பார். வேறு யாரும் தொடக்கூடாது, தொட்டால் சக்தி இறங்கிவிடுமாம். இறங்கினால் இறங்கட்டும் என்று இவன் வேண்டுமென்றே ஒன்றைத் தொட்டு வைத்தான். அதற்குத் தனியாக ஒரு கழுவல் நடந்தது.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. தூக்கிப் போட்டால் கீழே விழும், அதற்கு மேல் கல்லுக்கு ஏது சக்தி என்று தினமும் மல்லுக்கு நின்றார். அப்படியும் மறுநாள் அவரேதான் கேட்டைத் திறந்துவிடுகிறார், அவரேதான் காலைத் தூக்குகிறார்.

தங்கைக்குப் போன் போட்டு, உன் புருஷனுக்கு மூளை கழன்றுவிட்டதா என்று கத்தினான். அவரையே கேட்டுக்கொள் என்று அவள் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பல்பு வாங்கப் போனவன், பக்கத்துக் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். சாக்குச் சாக்காய் அதே கல். கறுப்பு, பச்சை, ஊதா, மஞ்சள். எல்லாம் கிலோக் கணக்கில்.

இதற்கெல்லாம் என்ன சக்தி என்று கேட்டான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீன் தொட்டியில போட்டா பாக்க நல்லாயிருக்கும் சார்."

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வருவதற்கு முன்னாலேயே போய்க் கேட்டை மறித்து நின்றான். கையில் கடையிலிருந்து வாங்கி வந்த கறுப்புக் கல்.

"இனிமே நீங்க இங்க வரவேண்டாம் மாப்ள. பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுஷன்கிட்ட மீன் தொட்டிக் கல்லைக் காட்டி ஏமாத்தறீங்களே, நல்லாவா இருக்கு?"

மாப்பிள்ளை கல்லை வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"நானும் அந்தக் கடையிலதான் மச்சான் வாங்கினேன்."

அத்தை போன பிறகு மாமா கதவையே திறக்கவில்லை என்றார். சாப்பாடு எடுத்து வந்தால், நான் என்ன நோயாளியா என்று திருப்பி அனுப்பினாராம். ஒருநாள் ஏதோ சாக்குச் சொல்லி உள்ளே வந்து, பேச்சு வாக்கில் கல்லுக்குச் சக்தி இருக்கிறது என்று இவர் சொல்லிவைக்க, படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து தொண்டை வறளத் திட்டினாராம். திட்டி முடித்ததும் பசிக்கிறது என்றாராம்.

"அத்தை போனப்புறம் அவரா வாய் தொறந்து கேட்டது அன்னைக்குத்தான் மச்சான். அதான் மறுநாளும் ஒரு கல்லோட வந்தேன். பாத்துக்க வர்றேன்னு தெரிஞ்சா உள்ளயே விடமாட்டாரு. காலையில வரணும்னுதான் கம்பெனியில கேட்டு நைட் ஷிப்ட் வாங்கியிருக்கேன். முடிஞ்சதும் நேரா இங்கதான். மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவருடைய கண்கள் தூக்கமில்லாமல் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்ததை மகன் அப்போதுதான் கவனித்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து, அவனே கேட்டைத் திறந்துவிட்டான்.

அன்றும் கழுவல், காயவைத்தல், வாய்ச்சண்டை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாப்பிள்ளை கிளம்பிப் போனதும் அப்பா மகனைக் கூப்பிட்டார். குரலில் பதற்றம்.

"வாசல் கேட்ல நின்னு அவர்கிட்ட என்னடா பேசின? கல்லைப் பத்தி ஏதாவது சொல்லிட்டியா?"

ஒன்றும் சொல்லவில்லை என்றான். அப்பாவுக்கு மூச்சு வந்தது.

"சொல்லிடாதே. அவருக்கு வேலை போயிடுச்சுடா. வீட்ல சொல்லாம மறைக்கிறாரு போல. எல்லாரும் வேலைக்கு ஓடுற நேரத்துல கண்ணெல்லாம் செவந்து இங்க வந்து நிக்கறாரு. ராத்திரியெல்லாம் அழுவாரு போலிருக்கு."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். செய்த சத்தியம் நினைவுக்கு வர, பேச்சை மாற்றினான்.

"அப்போ... அந்தக் கல்லுங்களை எல்லாம் நீங்க நம்பலையாப்பா?"

"நான் என்ன மடையனா? மொதல்ல நெஜமாவே திட்டினேன். இப்போ சும்மா பேருக்குத் திட்டறேன். நான் பாட்டுக்கு எல்லாம் பொய்னு நிரூபிச்சு ஜெயிச்சுட்டேன்னு வை, நாளைக்குக் காலையில அந்தப் பிள்ளை எங்கடா போவாரு?"