மைலேஜ் கேட்ட ராபர்ட்

“ராபர்ட் தெறந்துட்டான்டீ!”

ஜோதிகா கத்திய கத்தலில், கீழே உரக்கடையில் மூட்டை இறக்கியவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். நதியா நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு ஓடினாள். ‘ராபர்ட், ஓஹையோ’ என்ற பெயருக்கு நேரே ஒரே ஒரு பச்சைப் பொட்டு.

தேனியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரனுக்கு மெயில் அனுப்பும் ஆபீஸ் அது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரை அங்கே விற்கிறார்கள். இங்கே நதியா ஜெனிஃபராகவும் ஜோதிகா எமிலியாகவும் அதன் புகழ் பாடவேண்டும். போனில் பேசினாலும் எடுப்பவருக்கு அமெரிக்க நம்பர்தான் விழும். அங்கே வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்த வருஷம் அது. மற்ற நாற்காலிகளெல்லாம் போன மாதமே காலி.

ஒவ்வொரு மெயிலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிப் படம் ஒன்று ஒளிந்திருக்கும். மெயிலைத் திறந்தால் அது இங்கே கோள்மூட்டிவிடும். பச்சைப் பொட்டு விழும். படத்தை வரவிடாமல் அடைத்துவிட்டால், படித்தானா குப்பையில் போட்டானா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் அடைத்துவிட்டார்கள். ராபர்ட் ஒருவன்தான் அடைக்கவில்லை. அனுப்பிய மெயிலையெல்லாம் திறந்தான், பதிலும் போட்டான்.

முதலாளி சுந்தரலிங்கம் வேர்த்துக்கொண்டு வந்து நின்றார். “இன்னைக்குள்ள ஒருத்தனாச்சும் வண்டிய ஓட்டிப் பாக்க வாரேன்னு வாயால சொல்லணுமாம்மா. அங்க உள்ளவுக முடிவாச் சொல்லிட்டாக. இல்லேன்னா நாளைக்கு இங்கன கோழித்தீவனக் கடைதான்.”

“வைங்க சார். அதுக்காச்சும் நாலு கோழி வாயத் தெறக்கும்,” என்றாள் நதியா.

வாய்தான் அப்படிப் பேசியது. ஜெயமங்கலத்தில் அவள் குடும்பத்திலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். அதில் ஒருவருக்கும் பெருமையில்லை. ‘வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது’ என்று அம்மா மொக்கம்மாளிடம் சண்டை போட்டுச் சத்தியம் வாங்கியிருந்தாள். வேலை போன மறுநாளே மாமன் மகன் தங்கப்பாண்டி வாசலில் நிற்பான். போன வாரம்கூட வழிமறித்துக் கேட்டான், “என்ன கம்ப்யூட்டரு, இன்னும் கடையச் சாத்தலையா?”

“பதிலும் வந்திருக்கே, என்னடி எழுதியிருக்கான்? வாசி,” என்றாள் நதியா.

ஜோதிகா தமிழாக்கினாள். “கேலனுக்கு அம்பது மைல் குடுக்கும்னு சொல்றீகளே, மலை எறக்கத்துல இன்ஜினை அமத்திட்டு நியூட்ரல்ல உருட்டுனா இன்னும் எம்புட்டுக் கூடும்னு கேக்குறான்.”

“எங்க சித்தப்பன் தோத்தாருடி. கஞ்சப்பய எந்த நாட்டுல பொறந்தாலும் கஞ்சப்பயதான்.”

“அடியில அமெரிக்க போன் நம்பரு போட்டிருக்கான்டி! கூப்பிடச் சொல்றான்!”

நதியா தொண்டையைச் செருமி, நாக்கை மடித்து, ஜெனிஃபராகி எண்ணை அழுத்தினாள். சுந்தரலிங்கம் காலண்டர் முருகனைப் பார்த்துக் கைகூப்பினார்.

எடுத்துவிட்டான். மூக்கால் இழுத்த ஆங்கிலம். இறக்கத்தில் இன்ஜின் தானாகவே அணைந்துகொள்ளும், பிரேக்கை மிதிக்க மிதிக்கப் பேட்டரி ஏறும் என்று நதியா ஆங்கிலத்தில் அளந்து தள்ளினாள். ராபர்ட் “ஓ... வாவ்” என்றான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓட்டிப் பார்க்க எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள்.

பதிலுக்கு முன்னால், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. “உத்தமபாளையம், சின்னமனூர், தேனி! ஏறு, ஏறு, ஏறு!”

நதியாவின் வாயிலிருந்து ஜெனிஃபர் இறங்கிப் போனாள்.

“ஏலே, நீ எங்கன இருந்துடா பேசுற?”

மூக்கால் இழுக்காத, இளசான ஒரு குரல் வந்தது. “கம்பம்க்கா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்த மாடி. எம்பேரு கர்ணன், பி.எஸ்சி. முடிச்சிருக்கேன்.”

“நீ என்ன எழவுக்குடா எங்க மெயிலத் தெறக்குற?”

“அதான்க்கா எங்களுக்கு வேலை. அமெரிக்காக்காரன் பேர்ல வர்ற மெயிலயெல்லாம் தெறக்கணும், படத்த அடைக்கக் கூடாது, பதிலும் போடணும். நாலு பேரு தெறக்குறாகன்னு யாரோ யாருக்கோ கணக்குக் காட்டுறாக போல.”

கூப்பிய கையை இறக்காமலே சுந்தரலிங்கம் கண்ணால் கேட்டார்: வாரேங்கிறானா? ஜோதிகா நகத்தைக் கடித்தபடி ஒட்டி வந்து நின்றாள். நதியாவுக்கு நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோலக் கேட்கவேண்டும் என்று இருந்தது. யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

கர்ணன்தான் முதலில் பேசினான். யாரும் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தணித்துக்கொண்டான்.

“அக்கா, எங்க ஆபீஸ இன்னையோட மூடுறாக. அங்கன ஆள் எடுக்குறாகளா?”