ஓரத்து ஸீட்

"பிரேக்கை மிதிச்சா பட்டுனு ஃபியூஸ் போயிடறது. அதுவும் அக்கா ஏறினாத்தான்"னா நாகலக்ஷ்மி, தெருவுக்கே கேக்கறாப்பல.

கார் கேட்டைக்கூடத் தாண்டலை. அவ ஆத்துக்காரர் வேங்கடசுப்ரமணியன் ஹார்னை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். மூச்சே இல்லை. பின்னாடி சிவப்பு லைட்டும் எரியலை. ஹார்ன் இல்லாம கிங்ஸ் சர்க்கிள் நெரிசலைத் தாண்ட முடியுமோ?

மாட்டுங்காவில எங்க பில்டிங்லயே கார் வச்சிண்டிருந்தது அவா ஒருத்தர்தான். பழைய ஃபியட். ஒரு பார்ஸிக்காரர்கிட்ட வாங்கினது. அந்தப் பார்ஸிக்காரர் தினம் அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் ஏறுவார்னு எங்காத்துக்காரர் சொல்லுவார். எங்காத்துக்காரர் சொன்னா பாதிதான் நம்பணும், அது போகட்டும். போன வருஷம் யுத்தத்தப்போ, வெளிச்சம் தெரியப்படாதுன்னு ஹெட்லைட்ல பூசின கறுப்பைக்கூட இன்னும் சுரண்டலை.

பின் ஸீட் ஓரத்துல அபயாம்பாள். நார்மடிப் புடவையைத் தலையோட போத்திண்டு, மடியில ஒரு பையோட. வேங்கடசுப்ரமணியனுக்கு அக்கா. புருஷன் போனப்புறம் தம்பியாத்தோட வந்துட்டா. செம்பூர் திலக் நகர்ல அவ பொண்ணுக்குப் பிள்ளை பொறந்து, இன்னிக்குப் புண்யாஹவாசனம், பேர் வைக்கறா. பேரன் மூஞ்சியை இன்னும் பார்க்கலை. பைக்குள்ள அவளே தைச்ச சின்னச் சட்டை. துணி எங்காத்துப் பழைய வேஷ்டிதான். புதுசுன்னா பச்சைக்கொழந்தைக்கு உறுத்தும்னு கேட்டு வாங்கிண்டு போனா.

ஜெயினுலாப்தீன் பாயும் அங்கதான் நின்னுண்டிருந்தார். தாராவியில ஒர்க்ஷாப். காலம்பற வந்து ஸீட்டைத் தூக்கிப் பார்த்துட்டு "சரியாயிட்டு"ன்னவரே அவர்தான்.

"என்ன பாய், சரியாயிட்டுன்னேளே?"

"எலெக்ட்ரிக்ல ஒண்ணும் சொல்ல முடியாது சாமி." தலையைத் தூக்காமலே புது ஃபியூஸை மாட்டினார்.

"எலெக்ட்ரிக் என்ன பண்ணும் பாவம். பொண்ணு சீமந்தத்தன்னிக்கும் இதே கூத்துதான். அக்கா இறங்கினா ஜோரா ஓடறது"ன்னா நாகலக்ஷ்மி.

அபயா கதவைத் திறந்தா. இறங்கினா.

"நீங்க போயிட்டு வாங்கோ. நேரம் தப்பிடப் போறது. என் ராசி அப்படி." பையை நீட்டினா. "நாகு, இதைக் கொழந்தைக்கு உன் கையாலயே போட்டுடு."

எனக்கு மனசு கேக்கலை. "வாடி, நான் பஸ்ல அழைச்சிண்டு போறேன்"னேன்.

"வேண்டாம். தம்பி கார் வச்சிருக்கறச்சே அக்கா பஸ்ல வந்தாள்னு சம்பந்தியாத்துல அவனைன்னா குறைச்சலா நினைப்பா."

கார் கிளம்பித்து. கேட் வாசல்ல பிரேக் போட்டார். சிவப்பு லைட் பளிச்சுன்னு எரிஞ்சது. ஹார்ன் ஊரையே கூட்டித்து. அபயா அதைக் கேட்டுண்டே சுவரைப் பிடிச்சிண்டு மாடி ஏறினா.

எனக்கு வந்த கோபம் பாய் மேல பாய்ஞ்சது.

"ஏன் பாய், சீமந்தத்துலேர்ந்து வரேள், போறேள். அதே ஃபியூஸ், அதே கதை. உங்ககிட்ட அம்மிக்கல்லைக் கொடுத்தாக்கூட ரிப்பேராத்தான் திரும்பி வரும்போல இருக்கே."

அவர் கந்தல்ல கையைத் துடைச்சிண்டார். "வையுங்க மாமி."

"வையாம? ஒரு பொம்மனாட்டி பேரனைப் பார்க்க முடியாம நிக்கறா, நீங்க எலெக்ட்ரிக்னு கதை அளக்கறேள்."

"அந்த ஓரத்துல ஸ்பிரிங் ஒடைஞ்சு கெடக்கு மாமி. ஆளு ஒக்காந்தா அது கீழ போற ஒயர்ல குத்துது. பிரேக் போட்டா ஃபியூஸ் போவும். ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல, யாரு ஒக்காந்தாலும் போவும். குத்துத எடம்னு வேற யாரும் ஒக்கார மாட்டாவ. அக்காதான் ஒக்காருவாவ."

"இப்போ கண்டுபிடிச்சேளா?"

"சீமந்தத்துக்கு முந்தியே."

"அப்போ சரி பண்றதுக்கென்ன கேடு?"

"ஒயர்ல சுத்த டேப்பைக் கையில எடுத்துட்டேன். நாகலக்ஷ்மியம்மாதான் தொடாதியன்னுட்டாவ."

அடிப்பாவின்னேன். வாராவாரம் வெள்ளிக்கிழமை வெத்தலை பாக்கு வாங்கிண்டு போறாளே எங்காத்துல, இனிமே வாசல்படி மிதிக்கட்டும் பார்க்கறேன்னு நினைச்சிண்டேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." பாய் மாடியை ஒரு தடவை பார்த்துட்டுக் குரலைத் தணிச்சார். "பொறவு அந்தம்மா அழுதாவ. 'வர வேண்டாம்னு சொன்னது சம்பந்தியாத்துக்காரா இல்லை பாய், அக்கா பெத்த பொண்ணேதான். தலையை மழிச்ச அம்மா நாலு பேர் முன்னாடி வந்து நின்னா அவளுக்குக் கௌரவக் குறைச்சலாம். இதை அக்காகிட்ட நான் எந்த வாயால சொல்றது? ஃபியூஸ் மேலயும் என் மேலயும் பழி கிடந்துட்டுப் போகட்டும்'னு சொன்னாவ."

அவர் எப்போ சைக்கிளை எடுத்துண்டு போனார்னே எனக்குத் தெரியலை.

மாடிக்குப் போனேன். அபயா ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தா. திரும்பினா.

"பாய்கிட்டப் பேசிண்டிருந்தேளே, என்ன சொன்னார்? கொழந்தை ஆண்டு நிறைவுக்குள்ளயாவது கண்டுபிடிச்சுடுவாராமா?"

"எங்கே"ன்னேன். "அவருக்கு ஒண்ணுமே பிடிபடலையாம்டி."