இருபத்தாறுக்கு அடுத்து

"ஏங்க, இருபத்தாறுக்கு அடுத்து இருபத்தேழுன்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ளை சொல்லும். உங்களுக்கு வராதா?"

மனைவி ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். விடுமுறை நாள் மதியம். லோடுமேன் தரையில் காலை நீட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டை தூக்கும்போது அவன் தோளில் போடும் துணி நைந்து போயிருந்தது. அவள் அதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

போனில் ஒரு விளையாட்டு. முகம் தெரியாதவர்கள் ஒரு குழுவில் சேர்ந்து ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். ஒவ்வொரு எண்ணோடும் அதைப் பற்றி ஒரு தகவலோ ஜோக்கோ போட வேண்டும். யாராவது தப்பாக எண்ணினால் மறுபடி ஒன்றிலிருந்து. நூறைத் தொட வேண்டும் என்பது குழுவின் ஆசை. தொட்டதே இல்லை. பாதி நாள் இவனால்தான்; அங்கே இவன் பெயர் சுமை. இருபத்தாறு வந்ததும் முந்திக்கொண்டு இருபத்தெட்டு என்று போட்டுவிடுவான்.

அவள் போனைப் பிடுங்கிப் படித்தாள்.

"'சுமை அண்ணே, இதான் கடைசி. இன்னொரு வாட்டி தப்பா எண்ணினா குழுவை விட்டுத் தூக்கிருவேன்.' யாருங்க இது?"

"கணக்குப்பிள்ளைன்னு பேரு வச்சிருக்காரு. குழுவை நடத்துறவரு."

"கீழ டீச்சரம்மான்னு ஒருத்தங்க. 'விடுங்கப்பா, அவர் வீட்டு காலண்டர்ல இருபத்தேழாம் தேதியே கிடையாது போல.' அதுக்கு எத்தனை பேர் பல்லைக் காட்டியிருக்காங்க பாருங்க. வெக்கமா இல்ல?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. போனைக் குடு."

"எங்க அண்ணன் இருந்தா உங்களைக் கிழிச்சிருப்பாரு. மூட்டை அடுக்குறப்போ அவரு எண்ணினா வாசல்ல நிக்கிற லாரி டிரைவர் வரைக்கும் சிரிப்பான். 'எட்டு, முட்டை மேல முட்டை. பதினொண்ணு, ரெண்டு கால்ல நில்லுடா. இருபத்தெட்டு, பிப்ரவரி முடிஞ்சுது, சம்பளத்தை எடுங்கய்யா.'"

சிரிப்பாக ஆரம்பித்தவள் அதோடு நிறுத்தி, போனை அவன் மடியில் போட்டுவிட்டு ஊசியை எடுத்தாள்.

அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. குடோனில் அண்ணனும் லோடுமேனும் சேர்த்து ஆறு பேர் ஒரு செட். அண்ணன் எண்ணைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் மூட்டையை வைப்பார்கள். ஒருநாள் அவர் எண்ணைச் சொன்னார், செட்டில் ஒருவன் மூட்டையை வைத்தான், அடுக்கு மொத்தமும் அவன் மேல் சரிந்தது. இழுத்து வெளியே போட்டபோது உயிர் இல்லை. யாரும் அண்ணனைக் குறை சொல்லவில்லை. செத்தவனைப் பெற்றவள்கூடச் சொல்லவில்லை. அவர்தான் தன்னையே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நாள் வேலைக்கு வந்தார். பிறகு ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை.

"முதல் வருஷம் பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரின்னு அலைஞ்சீங்க. இப்ப தேடுறதையே விட்டாச்சு," என்றாள். "லீவு கெடச்சா போனும் கையுமா உக்காந்துடுறீங்க. என் கூடப் பொறந்தவரு எங்க கெடக்குறாரோ, சாப்பிட்டாரோ இல்லையோ. உங்களுக்கு ஜோக்கு கேக்குது."

அவன் மறுபடி குழுவைத் திறந்தான்.

போன் சிணுங்கியது. குழுவில் புதிய ஆட்டம் இருபதைத் தாண்டியிருந்தது. அவள் நகர்ந்து அவன் தோளோடு தோளாக உட்கார்ந்தாள்.

"இந்த வாட்டி நான் பாக்குறேன். ஒழுங்காப் போடுங்க. மானத்தோட விளையாடுங்க, இல்லேன்னா விட்டுத் தொலைங்க."

ஒவ்வொன்றாக வந்தன. அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"'இருபத்தொண்ணு. பகடையோட ஆறு பக்கப் புள்ளியும் கூட்டினா இதான் வரும்.' அட, ஆமா! 'இருபத்திரெண்டு. கால்பந்துல ரெண்டு டீமும் சேத்து. நடுவர் பாவம், அவருக்கு மட்டும் யாரும் பந்து தர மாட்டாங்க.'"

இருபத்து மூன்று போனது. இருபத்து நான்கு, இருபத்தைந்து போயின. அடுத்து டீச்சரம்மா: 'இருபத்தாறு. இங்கிலீஷ் எழுத்து மொத்தம். என் டாக்டர் அதுல நாலைத்தான் எழுதுவாரு.'

உடனே கணக்குப்பிள்ளை: 'யாரும் போடாதீங்க. சுமை அண்ணன் போடட்டும். அண்ணே, இருபத்தாறுக்கு அடுத்து?'

லோடுமேனின் கட்டைவிரல் 28 என்று அடித்துவிட்டு, அனுப்பாமல் நின்றது. அனுப்பினால் இந்தக் கதவும் மூடிவிடும்.

"ஏழுங்க, ஏழு!" அவள் அவன் முழங்கையை இடித்தாள். "அழிச்சுட்டு ஏழு போடுங்க. இதுல என்ன வீம்பு?"

அதற்குள் திரையில் வேறொருவர் முந்திக்கொண்டார். வழிப்போக்கன் என்று பெயர்.

'28. பிப்ரவரி முடிஞ்சுது, சம்பளத்தை எடுங்கய்யா.'

குழு கொதித்தது. கணக்குப்பிள்ளை எழுதினார்: 'வழிப்போக்கரே, இத்தனை மாசமா பேசாம வேடிக்கை பாத்தீங்க. மொத மொதல்ல வாயைத் திறந்து இதைத்தான் சொல்லணுமா? நீங்களும் சுமையும் ஒரே பள்ளிக்கூடமா?'

அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"ஏங்க... இது எங்க அண்ணன் சொல்றது." மறுபடி படித்தாள். "இல்ல, வேற யாராவது இருக்குமோ? பிப்ரவரி எல்லாருக்கும் பிப்ரவரிதானே?"

லோடுமேன் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"ஜோக்கை யாரு வேணா சொல்லலாம். அன்னைக்கு அடுக்கு சரியிறப்போ மச்சான் வாயில இருந்தது இருபத்தேழு. அதுக்கப்புறம் அந்த மூட்டை வந்தா அவரு எண்ண மாட்டாரு, நாங்களும் சத்தமில்லாம வச்சுட்டு நிப்போம், அடுத்ததுக்கு இருபத்தெட்டும்பாரு. எங்கயாவது அவரு கண்ணுல பட்டா தெரிஞ்சுக்குவாருன்னுதான் நானும் இத்தனை நாளா அப்படிப் போட்டேன். உலகத்துல அப்படி எண்ணுறவங்க அஞ்சே பேருதான், அதுல நாலு பேரு குடோன்ல இருக்கோம்."