துக்க நாளில் திறந்த கடை

“கடையைப் பூட்டு. என் தம்பியை இன்னும் மண்ணுல கூட வைக்கல.”

உள்ளே வந்ததும் வராததுமாகச் சொன்னாள் பெர்பெத்துவா. தொப்பியில் படிந்திருந்த பனியைக்கூட அவள் தட்டவில்லை. அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டை இழுத்துக்கொண்டிருந்த நெனிதா திரும்பிப் பார்த்தாள். துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு உடையின் மேல் மாவுக்கறை படிந்த ஏப்ரன்.

தம்பி விர்ஜிலியோவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த கூடத்தில், கனடாவின் வின்னிபெக் நகரத்துப் பாதி பிலிப்பினோ ஜனம் கூடியிருந்தது. ஜெபமாலை முடியும் முன்பே நெனிதா எழுந்து போய்விட்டாள். எங்கே என்று பெர்பெத்துவா கேட்டதற்கு, கடைக்கு என்றார்கள். கட்டின புருஷன் பெட்டியில் கிடக்கும்போது கடைக்கு! எழுபது தாண்டிய பெர்பெத்துவா பனியில் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“அவன்கிட்ட யார் இருக்கா?”

“பையன் இருக்கான் அக்கா.”

“பையன் இருக்கான். பெண்டாட்டி?”

நெனிதா ரொட்டிகளைக் கூடையில் கொட்டினாள்.

இந்த நெனிதாவை ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அந்த வேலை முடிந்தால் இந்த ரொட்டிக்கடை. கடை முடிந்தால் சங்கத் தலைவி. ஊரிலிருந்து யார் புதிதாக வந்து இறங்கினாலும், முதல் குளிர்கோட்டு வாங்கித் தருவதும், முதல் வேலைக்குக் கூட்டிப் போய் விடுவதும் அவள்தான். எல்லாருக்கும் அவளிடம் நேரம் இருந்தது. தையல் ஆலையில் உழைத்து இதயம் தேய்ந்து, வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த புருஷனுக்கு மட்டும் இல்லை. பெர்பெத்துவா அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர்களுடைய மக்பானுவா குடும்பத்தில் வீட்டு விஷயத்தை வெளியே பேசுவதில்லை. இன்று பேசிவிடுவது என்று முடிவுகட்டித்தான் வந்திருந்தாள்.

“கூட்டம் நேரா இங்கதான் வரும்னு உனக்குத் தெரியும். அதானே?”

அது எல்லாருக்கும் தெரியும். துக்கத்துக்குப் போனவர்கள் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் செத்தவரும் பின்னாலேயே வந்துவிடுவார். வழியில் எங்காவது உட்கார்ந்து, எதையாவது தின்று குடித்து, அவரை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் கூட்டம் வந்து உட்காருவது நெனிதாவின் கடையில்தான்.

“எவன் செத்தாலும் உனக்கு வியாபாரம். போகட்டும்னு விட்டேன். புருஷன் செத்தாலுமா?”

“இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க அக்கா.”

“எதிர்ல டோனட் கடை இருக்கு. அங்க போய் உக்காரட்டும். என் தம்பியை உதறிப் போட அவன் பெண்டாட்டி கடைதானா கெடச்சுது? நாளைக்கு நம்ம சொந்த ஊர் இலோய்லோ வரைக்கும் பேசுவாங்க. புருஷன் பொணத்தைப் போட்டுட்டு, மக்பானுவா வீட்டு மருமக ரொட்டி வித்தாள்னு.”

“பரவாயில்லையே. இருபத்தாறு வருஷத்துல இன்னிக்காவது மருமகள்னு வாயில வந்துதே.”

பெர்பெத்துவா கதவைத் தானே பூட்டிவிடலாம் என்று திரும்பினாள். அதற்குள் வாசலில் கார்கள் வந்து நின்றுவிட்டன.

பத்து நிமிடத்தில் கடை நிறைந்தது. கோயில் பாடகர் குழுவினர், தையல் ஆலைக்காரர்கள், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. எல்லாரும் நெனிதாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு காபி கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சும் சிரிப்பும் வந்துவிட்டன. விர்ஜிலியோ பாட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போகும் என்றார் ஒருவர். நாய் மட்டுமா, நானும் கூட ஓடியிருக்கிறேன் என்றார் இன்னொருவர்.

பெர்பெத்துவாவுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. யாரோ நீட்டிய காபியைத் தொடவில்லை. சுவரோரம் கம்பம் மாதிரி நின்றாள். இத்தனை பேர் முன்னால் சண்டை போட்டால் போவது குடும்பத்தின் மானம்தான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வாசலில் நின்று தோளைத் தட்டிக்கொண்டார்கள், காலை உதறிக்கொண்டார்கள். திரும்பிப் பார்க்காமல் போனார்கள். ஒவ்வொருவர் உதறும்போதும் தம்பியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது போல அவளுக்கு வலித்தது.

கடைசி ஆளும் போனதும் அவள் குரல் உயர்ந்தது.

“முடிஞ்சுதா வியாபாரம்? திருப்தியா? ஊரே சேர்ந்து என் தம்பியை இங்க அநாதையா விட்டுட்டுப் போயிடுச்சு.”

நெனிதா ஏப்ரனைக் கழற்றினாள். கதவில் தொங்கிய பலகையை ‘மூடியுள்ளது’ என்று திருப்பினாள். ஜன்னலோர மேஜைக்குப் போய், எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கடையில் அவள் உட்கார்ந்து பெர்பெத்துவா இதுவரை பார்த்ததே இல்லை.

“அதுக்குத்தான் அக்கா திறந்தேன். ‘ஒரு நாளாவது நான் கடைக்கு வரேன், நீ வேலையை விட்டுட்டு என் எதிர்ல உக்காரு’ன்னு வருஷக்கணக்கா கேட்டாரு. எனக்குத்தான் ஒழியல.” அவள் கண்கள் எதிர் நாற்காலியை விட்டு நகரவில்லை. “இன்னிக்கு எல்லாருமாச் சேர்ந்து கூட்டிட்டு வந்து விட்டுட்டாங்க. நீங்களும் கிளம்புங்க அக்கா, நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தனியா இருக்கணும்.”